மூலக் கதையும் மறுகூறலும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்து வயதாகும் என் மகள் தேவதைக் கதைகளை மாற்றி எழுதிய நாவல்களையே விரும்பிப் படிக்கிறாள். ஜெர்மானிய நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் மூலக் கதைகளைப் படிக்காமல் இவற்றைப் படிப்பது சரியா? மூலத்தில் உள்ள கொடூரங்களை நினைத்தால் அவற்றைக் கொடுக்கவும் தயக்கமாக இருக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூலம் என்று நாம் நம்பும் கதைகளே திருத்தப்பட்டவைதான். கிரிம் தொகுப்பின் முதல் பாகம் 1812இல் வெளிவந்தது. 1857இல் ஏழாம் பதிப்பு வரும் வரை, பெரும்பாலும் தம்பி வில்ஹெல்மின் கையால், அது மாறிக்கொண்டே இருந்தது. முதல் பதிப்பில் ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொல்பவள் அவளைப் பெற்ற தாய். 1819இல்தான் அவள் மாற்றாந்தாய் ஆகிறாள். ஹான்சல், கிரெட்டல் என்ற அண்ணன் தங்கையைக் காட்டில் விட்டுவரச் சொல்பவள் 1840இல்தான் மாற்றாந்தாய் ஆனாள். சூனியக்காரி கோபுரத்தில் அடைத்துவைத்திருக்க, தன் நீண்ட கூந்தலைத் தொங்கவிட்டு அவளையும் இளவரசனையும் மேலே ஏற்றும் ராபன்ஸல், 1812இல் தன் ஆடைகள் ஏன் இறுகுகின்றன என்று கேட்டு, கருவுற்றிருப்பதைத் தான் அறியாமலே வெளிப்படுத்துகிறாள். பின்னர் அதே இடத்தில், இளவரசனைவிட நீ ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறாய் என்று சூனியக்காரியிடமே உளறும் அசடாகிவிடுகிறாள். குழந்தைகளுக்கு ஆகாது என்று அவர்கள் கருதியது கொடூரத்தை அல்ல என்பதையும் கவனியுங்கள்: சிண்ட்ரெல்லாவின் சகோதரிகளுடைய கண்களைப் புறாக்கள் கொத்தும் காட்சி 1819இல் புதிதாகச் சேர்க்கப்பட்டது.

ஆகவே மறுகூறல்கள் மூலத்திலிருந்து விலகுவதை அல்ல, விலகிப்போய் என்ன கொண்டுவந்தார்கள் என்பதையே நான் பார்ப்பேன். எட்டு முதல் பன்னிரண்டு வயதுள்ளவர்கள் எதற்கும் காரணம் கேட்பவர்கள். பழங்கதையோ காரணம் சொல்வதில்லை. இவ்வளவு கொடுமையையும் சிண்ட்ரெல்லா ஏன் பொறுத்துக்கொள்கிறாள் என்ற கேள்விக்கு கெயில் கார்சன் லெவின் 1997இல் எழுதிய 'எல்லா என்சான்டட்' நாவல் கொடுத்த விடை எனக்கு மிகவும் பிடித்தமானது: பிறந்தபோது ஒரு தேவதை வரமாக அளித்த கீழ்ப்படிதல், எவர் எதைச் சொன்னாலும் செய்தே தீர வேண்டிய சாபமாக அவளைப் பற்றியிருக்கிறது. அவள் பொறுமைசாலி அல்ல. சொன்னதைச் சொன்னபடி மட்டும் செய்து, சொல்லாத இடத்தில் எதிர்த்து நிற்கும் பிடிவாதக்காரி. நடனமும் கண்ணாடிக் காலணியும் கதையில் அப்படியே இருக்கின்றன, ஆனால் சாபத்தை முறிப்பவன் இளவரசன் அல்ல; அவனுடைய நன்மைக்காகவே அவனை மணக்க மறுத்து அவளே அதை முறிக்கிறாள். ஆடம் கிட்விட்ஸின் 'எ டேல் டார்க் அண்ட் கிரிம்' (2010) இரத்தத்தைத் துடைப்பதில்லை. கதைசொல்லியே குறுக்கிட்டு, சின்னக் குழந்தைகள் இருந்தால் வெளியே அனுப்பிவிடுங்கள் என்று எச்சரிக்கிறார். அந்த எச்சரிக்கைக்காகவே பத்து வயதுக்காரர்கள் புத்தகத்தை விடமாட்டார்கள்.

எனக்கு ஒவ்வாதவை, ஓநாயையும் சூனியக்காரியையும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட நல்லவர்களாக்கிவிட்டு, அஞ்சுவதற்கு வேறொன்றையும் வைக்காத மறுகூறல்கள். ஆபத்து இல்லாத காட்டில் ஹான்சலுக்கும் கிரெட்டலுக்கும் வேலை இல்லை.

உங்கள் மகள் நாவலிலிருந்து கிரிமுக்குப் போகட்டும். எங்கே மாற்றியிருக்கிறார்கள் என்று அவளே கண்டுபிடிப்பாள். தண்டனைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆனால் முழுத் தொகுப்பைக் கொடுப்பதற்கு முன் 'முட்புதரில் யூதன்' என்ற கதையை நீங்கள் படித்துப் பாருங்கள். ஒரு யூதரை முட்களுக்கு நடுவே ஆடவைத்து வதைப்பதையும் இறுதியில் அவர் தூக்கிலிடப்படுவதையும் வேடிக்கையாகச் சொல்லும் அந்தக் கதையை மட்டும் அவள் தனியாகப் படிக்க விடாதீர்கள்.

அன்புடன்.