சாப்பிட்ட பிறகுதான் கேட்டார்

அன்புள்ள அக்கா,

பாலையூற்றில் இருக்கிறேன். ஆசிரியை. இரண்டு பிள்ளைகள், மூத்தவன் இந்த வருடம் புலமைப்பரிசில் எழுதுகிறான். மாமி பாரிசவாதம் வந்து படுக்கையில். கணவர் ஓட்டோ ஓடுகிறார், லீசிங் இன்னும் முடியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் நிற்கும் நேரம் இடையிடையே வந்து அவர்தான் மாமியைப் பார்ப்பது. மற்றதெல்லாம் நான். காலை நாலரைக்கு எழும்பினால் படுக்க இரவு பதினொன்று. எல்லோருக்கும் கொடுத்து முடித்து நான் சாப்பிட மூன்று மணியாகும், அதுவும் குசினியில் நின்றபடி, சட்டியில் மிஞ்சினதை. கனடாவில் இருக்கும் மச்சாள் ‘உன்னை நீயே நேசி’ என்று ஒவ்வொரு நாளும் வீடியோ அனுப்புகிறா. எங்கள் செபக்குழுவில் ஒருவர், அது உலகத்தின் போதனை, புனித பவுலே கண்டித்திருக்கிறார் என்கிறார். கிறிஸ்தவர்கள் தங்களைத் தாங்களே நேசிப்பது பாவமா? சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சிக்குப் போகாமல் ஒரு மணித்தியாலம் கடற்கரையில் தனியாக இருந்துவிட்டு வர ஆசை. அப்படி நினைத்ததையே பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். யோகா செய்யலாமா என்றும் சொல்லுங்கள். டொக்டர் எனக்கு இரத்தம் குறைவு என்கிறார், ஆனாலும் இந்தத் தவக்காலம் முழுக்க மதியச் சாப்பாட்டை விட்டு ஒப்புக்கொடுக்க நினைக்கிறேன்.

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தில் எத்தனையோ கேள்விகள். நான் நின்றுபோனது நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஓர் இடத்தில். குசினியில் நின்றபடி, மூன்று மணிக்கு, சட்டியில் மிஞ்சினதை. திருநீற்றுப் புதனிலிருந்து இதே விஷயம்தான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, நம் வீடுகளில் பெண்கள் எப்போது, எங்கே, எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பவுல். செபக்குழுக்காரர் சொல்வது திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம், மூன்றாம் அதிகாரம். கடைசி நாட்களில் மனிதர் தங்களையே நேசிப்பார்கள் என்று அதில் இருப்பது உண்மை. ஆனால் அது ஒரு நீண்ட பட்டியல். பண ஆசை, வீம்பு, பெற்றோருக்குக் கீழ்ப்படியாமை, நன்றிகெட்ட தன்மை, இரக்கமின்மை எல்லாம் அதே மூச்சில் வருகின்றன. ஒவ்வொரு நாளும் மாமியைத் துடைத்து உடுப்பு மாற்றிவிடும் நீங்கள் அந்தப் பட்டியலில் எங்கே வருகிறீர்கள்? அவரிடம் முழுப் பந்தியையும் வாசிக்கச் சொல்லுங்கள். அதே பவுல் எபேசியருக்கு எழுதும்போது, தன் உடலை யாரும் வெறுப்பதில்லை, அதைப் பேணி வளர்க்கிறார்கள் என்கிறார். 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினாஸ், நம் உடலையும் நாம் அன்பு செய்யத்தான் வேண்டும், அது கடவுள் உண்டாக்கியது என்று தெளிவாக எழுதிவைத்துவிட்டார். ஆக, பாவமா என்ற கேள்விக்குப் பதில்: இல்லை. மச்சாளின் வீடியோக்களில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கு அவை தேவையும் இல்லை. யோகாவைப் பற்றி இன்று பேசப்போவதில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன்.

யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்து மெதுவாக வாசியுங்கள். ஏழு பேர் இரவு முழுக்கத் திபேரியாக் கடலில் வலை போட்டு ஒன்றும் படாமல் விடிகிறது. கரையில் ஒருவர் நிற்கிறார். வலப்பக்கம் வலையைப் போடச் சொல்கிறார், போட்டால் 153 பெரிய மீன்கள். அவர் ஆண்டவர் என்று தெரிந்ததும் பேதுரு கடலில் குதித்து, நனைந்த உடுப்போடு கரை ஏறுகிறார். இந்தப் பேதுரு யார்? சில நாட்களுக்கு முன்னால்தான், கரி நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு, அந்த ஆளைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை சொன்னவர். ஆண்டவருக்கு அவரிடம் கேட்க வேண்டியது மிகப் பெரிய கேள்வி, திருச்சபையையே ஒப்படைக்கப்போகிற கேள்வி. அதைக் கேட்டாரா? இல்லை. கரையில் ஏற்கெனவே கரி நெருப்பு மூட்டி, அதில் மீன் வைத்து, அப்பமும் வைத்திருந்தார். வந்து சாப்பிடுங்கள் என்றார். அப்பத்தையும் மீனையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

அடுத்ததாக யோவான் எழுதுவதைக் கவனியுங்கள் தங்கச்சி. அவர்கள் உண்ட பின், என்கிறார். உண்ட பின்தான், நீ என்னை அன்பு செய்கிறாயா என்று பேதுருவிடம் கேட்கிறார். அதற்கும் பிறகுதான், என் ஆடுகளைப் பேணி வளர் என்ற கட்டளை. வயிறு காய்ந்து, உடுப்பு நனைந்து, குற்றவுணர்ச்சியில் குறுகி நின்ற ஒரு மனிதனை முதலில் சூடாக்கி, சாப்பாடு கொடுத்து, பிறகுதான் வேலையைக் கொடுத்திருக்கிறார். உப்புவெளிக் கரையில் போய்ப் பாருங்கள், இரவெல்லாம் கடலில் கிடந்து வருகிறவரிடம் யாரும் எடுத்த எடுப்பில் கணக்குக் கேட்பதில்லை, ஒரு பிளேன்டீயைக் கையில் கொடுக்கிறார்கள். நான் கேட்ட பிரசங்கங்களில் பேதுருவின் அன்பைப் பற்றி நிறைய வந்திருக்கிறது, பாப்பரசரின் அதிகாரத்தைப் பற்றி வந்திருக்கிறது. அந்தக் காலைச் சாப்பாட்டைப் பற்றி ஒருவரும் நின்று பேசியதில்லை. பேசியிருந்தால் நம் பெண்களில் பாதிப்பேர் இப்படி இரத்தம் வற்றிப்போய்க் கோயிலுக்கு வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

2004 சுனாமிக்குப் பிறகு, கடற்கரைச் சனம் வந்து தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நாங்கள் சிலர் சமையலுக்கு நின்றோம். அடுப்படிக்குப் பொறுப்பாக ஒரு சிஸ்டர். சின்ன உருவம், குரல் மட்டும் பெரிது. அவவிடம் ஒரு சட்டம் இருந்தது: சமைக்கிறவர்களும் பரிமாறுகிறவர்களும் முதலில் சாப்பிட வேண்டும், அதுவும் வாங்கில் உட்கார்ந்து. நமக்கு அது எவ்வளவு கூச்சமான காரியம் என்று உங்களுக்கே தெரியும். வெளியே சனம் வரிசையில் நிற்கிறது, நாங்கள் உள்ளே இருந்து சோறும் பருப்பும் சாப்பிடுகிறோம். ஒரு நாள் வரிசையில் நின்ற ஒருவர் சத்தம் போட்டார், பசியோட பிள்ளைகள் நிக்க நீங்கள் முதல் தின்னுறீங்களோ என்று. சிஸ்டர் அகப்பையோடு வாசலுக்குப் போனா. “நேற்று ஒரு பிள்ளை அடுப்படியில மயங்கி விழுந்தது. இண்டைக்கும் விழுந்தா உங்களுக்கு ஆர் சோறு போடுறது?” அவ்வளவுதான். திரும்பி வந்து, இன்னும் எழும்பாதேங்கோ, ஒரு கரண்டி போடுறன் என்று எங்களுக்குப் பரிமாறினா. அந்த மனிதர் பிறகு எங்களோடு விறகு கொத்த வந்தார். அந்த அடுப்பு ஒரு வேளையும் அணையவில்லை.

இப்போது கோபமாகச் சில வார்த்தை. டொக்டர் இரத்தம் குறைவு என்று சொன்ன பிறகும் மதியச் சாப்பாட்டை விடப்போகிறேன் என்று எழுதுகிறீர்களே, அதை யாருக்கு ஒப்புக்கொடுக்கிறீர்கள்? திருச்சபை கேட்கிற நோன்பு நாட்கள் இரண்டே இரண்டுதான், திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். அதிலும் நோயாளிகளைக் கட்டாயப்படுத்துவதில்லை. திருச்சபை கேட்காததை, ஆண்டவர் கேட்காததை, உங்கள் உடம்பு தாங்காததை நீங்களாக எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அதற்குச் சிலுவை என்று பெயர் வைக்காதீர்கள். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதில் பக்தியைவிடப் பயம்தான் கூடத் தெரிகிறது. மாமி வீட்டுச் சனம் என்ன சொல்லும், பாடகர் குழுவில் என்ன கதைப்பார்கள், நல்ல மருமகள் என்ற பெயர் போய்விடுமோ. அந்தப் பயத்தைக் கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்து ஆண்டவருக்குக் காணிக்கை என்கிறீர்கள். கடற்கரையில் ஒரு மணித்தியாலம் இருக்க ஆசைப்பட்டதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன் என்று வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பிள்ளை நீங்கள்!

கணவர் கெட்டவர் இல்லை என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. பகலில் தாயைப் பார்க்கிற மனிதருக்கு மாலையிலும் பார்க்கத் தெரியும். நீங்கள் கேட்டீர்களா? கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் கேட்டதாக ஒரு வரியும் இல்லை. பெண்கள் கேட்காமலே செய்வதும், ஆண்கள் கேட்கப்படாமலே இருந்துவிடுவதும் நம் ஊரில் பரம்பரையாக வருகிறது. இணைச்சட்ட நூலில் ஓய்வுநாள் கட்டளைக்கு என்ன காரணம் சொல்லியிருக்கிறது தெரியுமா? நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்பதை நினைத்துக்கொள், என்று. உன் அடிமையும் உன்னைப்போல ஓய்வெடுக்கட்டும், மாடும் கழுதையும்கூட வேலை செய்யக் கூடாது என்று இருக்கிறது. மாட்டுக்குக் கொடுத்த நாளை நீங்கள் உங்களுக்குக் கொடுக்க மறுக்கிறீர்கள்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நாளையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாட்டுப் பெட்டி கட்டிக்கொண்டு போங்கள், இடைவேளையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கட்டும் அதே முட்டையும் கீரையும் உங்கள் பெட்டியிலும் இருக்க வேண்டும். வீட்டில் பீங்கானை மேசையில் வைத்துச் சாப்பிடுங்கள், பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும். பெரியவனுக்குப் பத்து வயதாகிறது, தண்ணீர் ஊற்றித் தர அவனுக்குத் தெரியும், பரீட்சை அதனால் கெட்டுப்போகாது. தவக்காலத்துக்கு ஏதாவது விடத்தான் வேண்டும் என்றால் டொக்டரிடம் கேட்டுவிட்டு இனிப்பை விடுங்கள், சோற்றை விடாதீர்கள். மாலை மாமிக்குக் கஞ்சி கொடுப்பது இனிக் கணவரின் வேலை என்று இன்றிரவே அவரிடம் சொல்லுங்கள்.

சனிக்கிழமை பயிற்சிக்குப் போவதும் விடுவதும் உங்கள் விருப்பம். உங்கள் குரலை ஆண்டவர் ஞாயிற்றுக்கிழமையும் கேட்பார். இரத்தப் பரிசோதனை மறுபடி எப்போது என்று எழுதவில்லையே? இந்தக் கிழமைக்குள் போய் எடுத்து, முடிவு என்ன என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா