மூன்று வாரத்தில் ஒரு பள்ளியும் மச்சு பிச்சுவும்

வணக்கம் சார்,

வேலையில் சேர்வதற்கு முன் பெரு நாட்டில் குஸ்கோ பக்கம் ஒரு மலைக் கிராமப் பள்ளியில் தன்னார்வலராக ஆங்கிலம் சொல்லித்தரப் போகலாம் என்றிருக்கிறேன். மூன்று வாரம். ஏற்பாடு செய்யும் நிறுவனம் நல்ல தொகை கேட்கிறது. சனி, ஞாயிறில் மச்சு பிச்சு போன்ற பழைய இன்காப் பேரரசின் இடங்களைப் பார்த்துவிடலாம். நீங்கள் அங்கே பள்ளிகளில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன், போகலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

மூன்று வாரம்தான் என்றால் பள்ளியை விட்டுவிட்டு ஊர் சுற்றிப் பார்க்க மட்டும் போங்கள். உள்ளூர்க் குடும்பங்கள் நடத்தும் விடுதியில் தங்கி, உள்ளூர் வழிகாட்டிக்குக் காசு கொடுத்துப் பாருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பிள்ளைகள் உங்களோடு கூச்சம் விட்டுப் பேசத் தொடங்கும்போது நீங்கள் பெட்டி கட்டுவீர்கள், அடுத்த வாரம் இன்னொருவர் வந்து அதே பாட்டை முதலிலிருந்து ஆரம்பிப்பார். அது அவர்களுக்கு நல்லதல்ல.

பள்ளிதான் வேண்டும் என்றால் சில மாதங்களாவது ஒதுக்குங்கள், போகும் முன் ஸ்பானிஷ் படித்துவிடுங்கள். அந்த மலைக் கிராமங்களில் நிறையப் பிள்ளைகள் வீட்டில் அந்த மலைச் சனங்களின் சொந்த மொழியான கெச்சுவா பேசுகிறவர்கள், வகுப்பு பெரும்பாலும் ஸ்பானிஷில் நடக்கும், ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாவது மொழி. ஆசிரியருக்குத் துணையாக நில்லுங்கள், அவர் இடத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் அந்த நிறுவனத்திடம் கேளுங்கள்: என் பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது, நான் வராவிட்டால் இந்த வேலைக்கு உள்ளூர்க்காரர் ஒருவரை வைப்பார்களா? பதில் மழுப்பலாக வந்தால் வேண்டாம். அங்கே கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது, ஜனவரியில் போய் நின்றால் வகுப்பு இருக்காது.

இடிபாடுகள் விஷயத்துக்கு வருகிறேன். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரம், இறங்கியவுடன் மூச்சு வாங்கும், அதனால் நேராகக் கீழே பள்ளத்தாக்கில் இருக்கும் ஓயாந்தாய்தாம்போ ஊருக்கு இறங்கிவிடுங்கள். எனக்கு மச்சு பிச்சுவைவிட இந்த ஊர்தான் பிடிக்கும், ஏனென்றால் இன்காக்கள் போட்ட தெருவிலும் வெட்டிய வாய்க்கால் ஓரத்திலும் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். மேலே சூரியக் கோயிலில் ஆறு பெரிய இளஞ்சிவப்புக் கற்கள் நிற்கின்றன, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில் வெட்டி, இரும்புக் கருவியும் சக்கர வண்டியும் இல்லாமல், முறை வைத்து வேலைக்கு வந்த சனங்கள் இழுத்துக் கொண்டுவந்தவை. கோயில் முடியவே இல்லை, பாதி வழியில் விட்ட கற்கள் இன்னும் அங்கங்கே கிடக்கின்றன. 1537இல் இன்கா அரசர் மாங்கோ இன்கா ஸ்பானியப் படையைத் திருப்பி அடித்ததும் இதே இடத்தில்தான். குஸ்கோவுக்குத் திரும்பியதும் கொரிகாஞ்சாவைப் பாருங்கள், இன்கா கோயில் சுவர் மேலேயே கட்டிய தேவாலயம் 1950 நிலநடுக்கத்தில் பெரிதாக உடைந்தது, கீழே இருந்த பழைய சுவர் அசையவில்லை.

மச்சு பிச்சுவை 1911இல் அமெரிக்க ஆய்வாளர் ஹைரம் பிங்கம் கண்டுபிடித்தார் என்று இன்னும் எழுதுகிறார்கள். அவர் போனபோது அந்தப் படிக்கட்டு வயல்களில் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன, இடத்தைச் சுற்றிக் காட்டியவன் ஒரு சின்னப் பையன். உங்கள் வகுப்பில் உட்காரப்போவது அந்தச் சனங்களின் பிள்ளைகள். அதனால் முடிந்தால் பள்ளியோடு பேசி, ஆசிரியரும் பிள்ளைகளும் கூட வரும்படி பக்கத்து இடிபாட்டுக்கு ஒரு நாள் போங்கள், விளக்குகிற வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

மச்சு பிச்சு டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், நேரம் குறித்துத்தான் உள்ளே விடுவார்கள். நடந்தே போகும் இன்கா பாதை பிப்ரவரியில் மூடியிருக்கும். ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்ததும் எழுதுங்கள்.