கிட்னி கோளாறுள்ள வயதான பூனைக்கு என்ன போடுவது?

கேள்வி: எங்கள் ஆண் பூனைக்கு 13 வயது, எடை 3.6 கிலோ. நெத்திலி, பால்சோறு சாப்பிட்டே வளர்ந்தது. தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறதே என்று ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 3.1, பாஸ்பரஸ் 6.2. கிட்னி கோளாறுள்ள பூனைக்கென்றே தயாரிக்கும் ‘ரீனல் ஃபுட்’டை டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதைத் தொடவே மாட்டேன் என்கிறது. கறி, மீனை அடியோடு நிறுத்திவிட்டுத் தயிர்சோறு மட்டும் போடு என்கிறார் மாமியார். செய்யலாமா? – வாசகி, பெரம்பூர்.

செய்யாதீர்கள். பூனை கறி தின்றே வாழப் பிறந்த பிராணி. கறியை நிறுத்தினால் கிட்னிக்கு ஓய்வு கிடைக்காது. அது தன் தசையையே கரைத்துத் தின்னும், முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். கிரியாட்டினின் அளவை வைத்துப் பார்த்தால், உங்கள் பூனை இருப்பது கிட்னி நோயின் நான்கு நிலைகளில் மூன்றாம் நிலை. இந்த நிலையில் முதல் எதிரி புரதம் இல்லை, பாஸ்பரஸ். பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது; ரத்தத்தில் தேங்கி, மிச்சமிருக்கும் கிட்னியையும் கெடுக்கும். பாலிலும் தயிரிலும் பாஸ்பரஸ் உண்டு. முள்ளோடு தின்கிற நெத்திலியில் அதைவிட அதிகம். கருவாடாக இருந்தால் உப்பும் சேரும். மத்தி, ஈரல், முட்டை மஞ்சள்கருவும் வேண்டாம். எலும்பு சூப் என்று வெங்காயம், பூண்டு போட்டு வேகவைத்த நீரைக் கொடுக்கவே கூடாது. அவை பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும்.

ரீனல் ஃபுட்டில் பாஸ்பரஸும் குறைவு, பூனைக்கு வேண்டிய புரதமும், இதயத்துக்கும் கண்ணுக்கும் அவசியமான டாரின் என்ற சத்தும் இருக்கும். ஆனால் ‘நாளையிலிருந்து இதைப் போடுங்க’ என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எப்படிப் பழக்குவது என்று சொல்ல யாருக்கும் இரண்டு நிமிடம் இல்லை. பல பூனைகள் அதனாலேயே அதை ஒதுக்குகின்றன.

வாந்தியோ குமட்டலோ இருக்கும் நாளில் ஆரம்பிக்காதீர்கள். அந்த உணவால்தான் குமட்டுகிறது என்று பூனை மனதில் பதிந்துவிட்டால் ஆயுசுக்கும் தொடாது. முதலில் டாக்டரிடம் குமட்டலுக்கு மருந்து கேளுங்கள். அடங்கிய பிறகு, பழைய சாப்பாட்டின் பக்கத்திலேயே தனித் தட்டில் அரை டீஸ்பூன் புது உணவு. நாலைந்து நாள் சும்மா இருக்கட்டும். மோந்து பார்த்து நக்கத் தொடங்கியதும் பழையதில் பத்தில் ஒரு பங்கு கலந்து, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கூட்டுங்கள். முழுதாக மாற ஒன்றரை மாதம் ஆனாலும் பரவாயில்லை. ஈர உணவு நல்லது. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிப் போட்டால் வாசனை எழும். மாத்திரையை அதில் ஒளித்து வைக்காதீர்கள். சென்னை வெயிலில் ஈர உணவு அரை மணி நேரத்துக்கு மேல் தட்டில் இருக்கக் கூடாது; நாளைக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். உங்கள் பூனைக்கு ஏறக்குறைய 180 கலோரி வேண்டும்: உலர் உணவு என்றால் 45 கிராம், ஈரம் என்றால் 85 கிராம் பவுச் இரண்டு.

இப்போது கடைக்காரர்கள் விஷயம். பூனைக்கானது ஸ்டாக் இல்லை என்றால் நாய்க்கான ரீனல் பையை ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று கையில் திணிப்பார்கள். ஒன்றில்லை, அதில் பூனைக்குப் போதுமான புரதமோ டாரினோ கிடையாது. பெரிய பையைப் பிரித்துக் கண்ணாடிக் கவரில் லூஸாக நிறுத்துத் தருவதையும் வாங்காதீர்கள். எந்தப் பை, எப்போது பிரித்தது, காலாவதித் தேதி என்ன, ஒன்றும் தெரியாது. கொழுப்பு சிக்கடித்திருந்தால் பூனை மோந்துவிட்டுப் போய்விடும், நீங்கள் கம்பெனியைத் திட்டுவீர்கள். ‘கிட்னி கேர்’ என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பதை நம்பாமல், பின்பக்கம் பாஸ்பரஸ் சதவீதம் போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். பிழிந்து கொடுக்கும் க்ரீம் ட்ரீட்டிலும் பாஸ்பேட் (பாஸ்பரஸ் உப்பு) சேர்ப்பது உண்டு.

சிறுநெருஞ்சில், நீர்முள்ளிக் கஷாயத்தை ‘கிட்னி டானிக்’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே தண்ணீரைத் தக்கவைக்க முடியாத கிட்னி; சிறுநீரை இன்னும் பிரித்துவிட்டால் உடம்பு வறண்டுபோகும். பூனை சிறுநீர் கழிக்கும் தட்டில் மண் நனைகிறதே என்று குடிக்கும் தண்ணீரைக் குறைப்பதும் அதே தப்பு. வீட்டுக்கு வந்து ‘ட்ரிப்’ ஏற்றுகிற ஆளை, டாக்டர் எழுதாத வலி ஊசி எதையும் போட விடாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.

எல்லாம் செய்தும் ரீனல் ஃபுட்டைத் தொடாத பூனைகள் உண்டு. இதை மட்டும் நன்றாகப் படியுங்கள். ‘பசித்தால் தானே தின்னும்’ என்பது நாய்க்கு ஓரளவு பொருந்தும், பூனைக்குப் பொருந்தாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து, கிட்னிக்கு முன்னால் ஈரல் கைவிட்டுவிடும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் டாக்டருக்குப் போன். இரண்டாம் நாள் நேரில். அதுவரை அது தின்பதைப் போடுங்கள், நெத்திலியே ஆனாலும். வேறு கம்பெனி ரீனல் ஃபுட் ஒன்றிரண்டு மாற்றிப் பாருங்கள். அதுவும் ஆகவில்லையென்றால், குட்டிப் பூனைக்கானதைத் தவிர்த்து, பெரிய பூனைக்கான சாதாரண ஈர உணவைப் போட்டு, பாஸ்பரஸைப் பிடித்துவைக்கும் மருந்தைச் சேர்க்கலாம். அலுமினியம் ஹைட்ராக்சைடு போன்ற அந்த மருந்தைச் சாப்பாட்டோடு கலந்தால்தான் பலன். வெறும் வயிற்றில் கொடுத்தால் வீண். அளவை டாக்டர் எழுதட்டும். மெடிக்கல் ஷாப் ஆன்டாசிட் சிரப்பில் மெக்னீசியமும் கலந்திருக்கும், அது வேண்டாம். வீட்டில் சமைத்தே தீர வேண்டுமென்றால், எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்து நீரை இறுத்துவிட்டு, குழைந்த சோறு, வெந்த முட்டை வெள்ளைக்கரு, ஒரு டீஸ்பூன் எண்ணெய், உப்பு கிடையாது. நீரோடு டாரினும் போய்விடும், கால்சியமும் இல்லை. ஆகவே சில நாளைக்குத்தான்.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 180 கிராம் குறைந்தாலே யோசிக்க வேண்டும். நாலு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. லேபில் ‘கிட்னி டெஸ்ட்’ என்று மட்டும் சொன்னால் யூரியா, கிரியாட்டினினோடு முடித்துவிடுவார்கள். பாஸ்பரஸ், பொட்டாசியம் இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பாஸ்பரஸ் 5-க்குக் கீழே வர வேண்டும். ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். தெரு முனை கிளினிக்கில் வசதி இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். பழைய ரிப்போர்ட்டும், இப்போது போடும் உணவின் பின்பக்க லேபிள் போட்டோவும் கையில் இருக்கட்டும்.