டாங்கி தாழ்வாக இருப்பதுதானே நல்லது? பிறகு ஏன் ஆப்ராம்ஸை உயரமாகக் கட்டினார்கள்?

சோவியத் டாங்கியான டி-72 உயரம் 2.23 மீட்டர், அமெரிக்க டாங்கியான ஆப்ராம்ஸ் 2.44 மீட்டர் என்று கேள்வியில் கொடுத்திருக்கிறீர்கள். ஏதோ ஒப்பீட்டு வீடியோ பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வீடியோக்களில் இந்த 21 செ.மீ. எதற்காக என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

தாழ்வாக இருப்பதில் லாபம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய லாபம் எடையில். 2 மீட்டர் அகலம், 200 மி.மீ. கனம் உள்ள எஃகுச் சுவரை 10 செ.மீ. உயர்த்திப் பாருங்கள், 314 கிலோ கூடிவிடும். இது முன்பக்கம் மட்டும். பக்கச் சுவர்கள், அவற்றைத் தாங்கும் சஸ்பென்ஷன், இழுக்கும் எஞ்சின் எல்லாம் கூடவே வளரும். தொடக்ககால டி-72 சுமார் 41 டன்னில் நின்றது, முதல் ஆப்ராம்ஸ் சுமார் 54 டன்.

சோவியத் பொறியாளர்கள் உயரத்தைக் குறைத்த வழி, பீரங்கிக்குள் குண்டு நிரப்பும் ஆளை எடுத்துவிட்டது. டரட்டுக்குள், அதாவது டாங்கியின் மேலே பீரங்கியோடு சுழலும் கூண்டுக்குள், நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டியவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பதில், டாங்கிக்குள் ஆட்களின் காலுக்கு அடியில், குண்டுகளைத் தானாக எடுத்துத் தரும் ஒரு சுழலும் தட்டு. அதில் 22 குண்டுகள், குண்டு வேறு, வெடிமருந்து வேறாகப் படுத்திருக்கும். விலை என்னவென்றால், மூன்று பேரும் வெடிமருந்தோடு ஒரே அறையில் இருக்கிறார்கள். ஆப்ராம்ஸில் பெரும்பாலான குண்டுகள் டரட்டின் பின்பெட்டியில், கதவுக்கு அந்தப் பக்கம். வெடித்தால் பெட்டியின் மேல்தகடு பிய்த்துக்கொண்டு போய் நெருப்பு மேலே போகும்.

இனி முக்கியமான விஷயம். பீரங்கிக் குழலைக் கீழே சாய்த்தால் அதன் பின்பகுதி, அதாவது பிரீச், டரட்டுக்குள் மேலே எழும்பும். சாயும் அச்சிலிருந்து பிரீச் முனை ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 6 டிகிரிக்கு 16 செ.மீ. எழும்பும், 10 டிகிரிக்கு 26 செ.மீ. கூரை தாழ்வாக இருந்தால் பிரீச் போய் முட்டும். டி-72 குழல் சுமார் 6 டிகிரியோடு நின்றுவிடுகிறது, ஆப்ராம்ஸ் 10 வரை இறங்கும்.

நான்கு டிகிரிதானே என்று தோன்றும். மேட்டுக்குப் பின்னால் உடலை மறைத்து, டரட் மட்டும் தெரிய நின்று சுடுவதுதான் தற்காப்பில் சிறந்த நிலை. அப்போது டாங்கியின் மூக்கு மேலே தூக்கியிருக்கும். சரிவு 8 டிகிரி என்றால், எதிரே சமதரையில் உள்ளதைச் சுட குழலை 8 டிகிரி சாய்க்க வேண்டும். டி-72 அதைச் செய்ய முடியாமல் உச்சிக்கே ஏறி, முழு உடலையும் காட்டிக்கொண்டு நிற்கும். மிச்சம் பிடித்த 21 செ.மீ. அங்கேயே போயிற்று. திரும்ப ஒளியலாம் என்றால் பின்னோக்கு வேகம் மணிக்கு 4 கி.மீ. சொச்சம், ஆள் நடக்கும் வேகம். 1973 அரபு-இஸ்ரேல் போரில், கோலான் மேட்டில் நின்ற இஸ்ரேலியர்களின் செஞ்சூரியன் டாங்கி சுமார் 3 மீட்டர் உயரம், ஆனால் குழல் 10 டிகிரி இறங்கும். மண்மேடுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஏறி வந்த சிரிய டி-55 டாங்கிகளைச் சுட்டதில் அந்தக் கோணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

டி-72 மோசம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஐரோப்பியச் சமவெளியில் கூட்டமாக முன்னேறித் தாக்குவதற்கு அது கச்சிதமான வடிவம்.

எல்லா உயரமும் நியாயமானது என்றும் சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க டாங்கியான ஷெர்மன் 2.74 மீட்டர் உயர்ந்ததற்குக் காரணம் விமானத்தின் ரேடியல் எஞ்சின், அதாவது சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கப்பட்ட எஞ்சின். அதன் சுழல்தண்டு நடு உயரத்தில் கிளம்பி, ஆட்கள் இருக்கும் அறையின் ஊடாக முன்னாலுள்ள கியர்பெட்டிக்குப் போனது. டரட் அதற்கு மேல்தான் உட்கார முடிந்தது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இணைய அட்டவணைகளில் ஒரு டாங்கியை டரட் கூரை வரை அளக்கிறார்கள், இன்னொன்றை மேலே மாட்டிய இயந்திரத் துப்பாக்கி வரை அளக்கிறார்கள். பிறகு அரை மீட்டர் வித்தியாசம் என்று தலைப்பு வைக்கிறார்கள். துப்பாக்கி முனையைக் கவசக் கணக்கில் சேர்ப்பது எந்த ஊர் நியாயம்?