டி செல் தனியாக ஏன் பெருகுவதில்லை?

சேலத்தில் முதுகலை படிக்கும் தம்பி கேட்டது: "ரத்தத்திலிருந்து டி செல்லை (நோய் எதிர்ப்பு வெள்ளணு வகை) மட்டும் சுத்தமாகப் பிரித்து, பி.எச்.ஏ. கலந்து அகார் கூழில் வைத்தேன். காலனி (பெருகிய செல்களின் திரள்) வரவில்லை, ஏன்?"

சுத்தம் கூடிப்போனதுதான் காரணம், தம்பி. ராஜ்மாவிலிருந்து எடுக்கும் பி.எச்.ஏ. என்ற புரதம் டி செல்லைத் தட்டி எழுப்பும். அது மட்டும் போதாது. பக்கத்தில் மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளணு வேண்டும். ஏற்காட்டில் மிளகுக்கொடி சில்வர் ஓக்கைப் பற்றித்தானே ஏறுகிறது! மோனோசைட் டி செல்லை ஒட்டி நின்று இரண்டாவது சைகை தரும், இன்டர்லூகின்-1 என்ற சைகைப் புரதத்தையும் சுரக்கும். அதன்பின் சிடி4 எனப்படும் உதவி டி செல்கள் இன்டர்லூகின்-2 வெளிவிடும். 1976-ல் விவரிக்கப்பட்ட இந்தக் காரணிதான் பெருக்கத்தை நடத்துகிறது. எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுதான்: சுரந்த செல்லும் அதை ஏற்கும், அண்டைச் செல்லும் ஏற்கும். சிடி8 எனப்படும் கொல்லும் டி செல்கள் பெரும்பாலும் சிடி4 செல்கள் தருவதை நம்பியே வளரும்.

மோனோசைட் மிகுந்தாலும் கெடுதல். புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருளைச் சுரந்து பெருக்கத்தை அடக்கிவிடும். கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள்.