கரும்பலகையில் ஒரு ரேஷன் கார்டு

கேள்வி: அம்மா, நான் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டுக்கு ஜாவா மொழியில் ஊப்ஸ், அதாவது ஆப்ஜெக்ட்களை வைத்து புரோகிராம் எழுதும் முறை, எடுக்கிறேன். என்கேப்சுலேஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிசம் என்று எதைக் கேட்டாலும் இரண்டு மார்க் பதிலைப் பிள்ளைகள் தடையின்றி ஒப்பிக்கிறார்கள். லேபில் உட்கார வைத்தால் முழு புரோகிராமையும், அது ஓடத் தொடங்கும் இடமான மெயினுக்குள்ளேயே எழுதி முடித்துவிடுகிறார்கள். பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். ஆங்கிலம்தான் தடையா?
— உதவிப் பேராசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்: ஆங்கிலத்தைக் குறை சொல்ல மாட்டேன் அம்மா. நாம் ஆப்ஜெக்டைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே அதன் இலக்கணத்தை எழுதிப் போட்டுவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் எடுத்தேன். ஒரு வைவாவில், வரையறையை அழகாகச் சொன்ன பெண்ணிடம், "உன் புரோகிராமில் எத்தனை ஆப்ஜெக்ட் இருக்கிறது?" என்று கேட்டேன். கிளாஸ் பெயரைத் தொட்டுக் காட்டி, "ஒண்ணு மேடம்" என்றாள். அவள் எழுதியிருந்த புரோகிராம் மூன்று ஆப்ஜெக்ட் உண்டாக்கியிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த செமஸ்டரில் முதல் வகுப்பையே மாற்றினேன்.

இப்போது முதல் நாள் நான் வரைவது ரேஷன் கார்டு. கரும்பலகையில் ஒரு கட்டம். உள்ளே கார்டு எண், சர்க்கரை மீதி 2 கிலோ. பக்கத்தில் இன்னொரு கட்டம், வேறு எண், அதிலும் 2 கிலோ. முதல் கார்டில் 1 கிலோ வாங்கச் சொல்கிறேன். ஒரு மாணவர் எழுந்து வந்து அந்தக் கட்டத்தில் 2-ஐ அழித்து 1 என்று எழுதுவார். மற்ற கார்டு அப்படியே இருக்கிறது. அச்சடித்த படிவம் ஒன்று, கார்டு இரண்டு. படிவம்தான் கிளாஸ், கார்டுதான் ஆப்ஜெக்ட்; அந்தச் சொற்களை அதற்குப் பிறகுதான் வாயிலெடுப்பேன்.

அடுத்து 'அப்பா' என்ற வேரியபிளில் முதல் கார்டை வைத்து, 'அம்மா = அப்பா' என்று எழுதிவிட்டு, இப்போது பலகையில் எத்தனை கார்டு என்று கேட்பேன். பாதி வகுப்பு மூன்று என்று சொல்லும். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்பா போனாலும் அம்மா போனாலும் கார்டு ஒண்ணுதானே மேடம்" என்றான். இரண்டு பெயரிலிருந்தும் அம்புக்குறி போட்டு ஒரே கட்டத்தில் முடித்தேன். வேரியபிளில் இருப்பது அந்த அம்புதான், கார்டு அல்ல என்ற ரெஃபரன்ஸ் பாடத்தை அந்த வகுப்பில் நான் விளக்க வேண்டியே வரவில்லை.

பிறகு மெயினிலிருந்து நேராகச் சர்க்கரை மீதியை மைனஸ் 5 என்று மாற்றி ஓட்டிக் காட்டுவேன். எரர் வராது. வகுப்பு சிரிக்கும். "கார்டு வைத்திருப்பவரே மீதியைத் திருத்தலாமா?" என்றால், "கடை மெஷின்தான் மேடம் கழிக்கணும்" என்று அவர்களே சொல்வார்கள். அந்த நிமிடம் மீதிக்கு முன்னால், வெளியிலிருந்து தொட முடியாதபடி, பிரைவேட் என்று எழுதிவிட்டு, 'சர்க்கரை வாங்கு' என்ற மெத்தடுக்குள் (கார்டு செய்யும் வேலைக்குள்) மீதியைச் சரிபார்க்கும் ஒரு இஃப் போடுங்கள். இப்படி விவரத்தை உள்ளே பூட்டி, மெத்தட் வழியாக மட்டும் மாற்ற விடுவதுதான் என்கேப்சுலேஷன்; மைனஸ் 5-ஐக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

இந்த வழி புதிதும் இல்லை. நார்வே நாட்டில், ஓஸ்லோவிலிருந்த நார்வே கணினி மையத்தில், ஓலே யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகோர்டும் 1960-களில் சிமுலா மொழியை உருவாக்கியது நிஜ உலகில் நடப்பதைக் கணினியில் நடத்திப் பார்க்கத்தான். கிளாஸும், ஒரு கிளாஸின் குணங்களை இன்னொரு கிளாஸ் வாங்கிக்கொள்ளும் இன்ஹெரிட்டன்ஸும் சிமுலா 67-இல் வந்துவிட்டன. வரிசையில் யார் நிற்கிறார், அவரிடம் என்ன இருக்கிறது, அவர் என்ன செய்வார் என்ற கேள்விகளோடு பிறந்த பாடத்தை நாம் வரையறையிலிருந்து தொடங்குவது எனக்கு இன்றும் வருத்தம்.

லேபுக்கு முன் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரைத் தொட விடாதீர்கள். கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் 1989-இல் சொன்ன அட்டை முறை இருக்கிறது: ஒரு கிளாஸுக்கு ஓர் அட்டை, அதில் அதன் பெயர், அதன் பொறுப்புகள், யாருடைய உதவி வேண்டும் என்பது, அவ்வளவுதான். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெற்றுப் பக்கத்தில் எழுதச் சொல்வேன். கார்டு, கடை, பில் என்று ஆளுக்கொரு அட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ மீதியைச் சொல்லு", "நீ கழி" என்று பேசிப் பார்ப்பார்கள். ஒரே ஆள் எல்லா வேலையும் செய்தால் அங்கேயே தெரிந்துவிடும். மெயினுக்குள் எல்லாவற்றையும் அடைக்கும் பழக்கம் எனக்குத் தெரிந்து இதில்தான் விட்டது.

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாம் ஆண்டு. பைத்தான் தெரிந்தால் போதும், ஊப்ஸ் தேவையில்லை என்கிறாள். சரியா?
— ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: பைத்தானில் 5 என்ற எண்கூட ஓர் ஆப்ஜெக்ட்தான் ஐயா. லிஸ்டில் ஒன்றைச் சேர்க்க அப்பெண்ட் போடும்போதெல்லாம் அவள் மெத்தடை அழைக்கிறாள். சொந்தமாக ஒரு கிளாஸ் எழுதி, அதில் மூன்று ஆப்ஜெக்ட் உண்டாக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: இன்ஹெரிட்டன்ஸுக்கு எப்போதும் விலங்கு, நாய் உதாரணம்தான் தருகிறார்கள். எங்கே பயன்படுத்தக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொல்லுங்கள் மேடம்.
— இறுதியாண்டு மாணவி, மதுரை

பதில்: நல்ல கேள்வி கண்ணு. ஜாவாவுக்குள்ளேயே உதாரணம் இருக்கிறது. அதிலுள்ள ஸ்டாக் என்ற கிளாஸ், மதிப்புகளை வரிசையாக வைக்கும் வெக்டார் கிளாஸிலிருந்து பிறந்தது. அடுக்கிய தட்டுகளில் மேலே வைக்கலாம் (புஷ்), மேலிருந்து எடுக்கலாம் (பாப்), அதுதான் ஸ்டாக். ஆனால் வெக்டாருக்கு நடுவில் நுழைக்கவும் தெரியும். அந்தக் குணமும் ஸ்டாக்கிடம் வந்துவிட்டது. ஸ்டாக்குக்குப் பதில், இரு முனைகளிலும் சேர்க்கவும் எடுக்கவும் உதவும் டெக்கைப் பயன்படுத்தும்படி ஜாவா ஆவணமே சொல்கிறது. இன்றே 10, 20, 30 என்று புஷ் செய், ஆட் மெத்தடால் நடுவில் 99-ஐ நுழை, பிறகு ஒவ்வொன்றாக பாப் செய்து என்ன வருகிறது என்று எனக்கு எழுது.