ஸ்டீவி வொண்டரின் 'சாங்ஸ் இன் தி கீ ஆஃப் லைஃப்' ஆல்பத்தை இன்றும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டரின் அந்த ஆல்பத்துக்கு நான் வந்து சேர்ந்த வழியே சுற்றுவழிதான். 1995இல் வந்த ராப் பாடகர் கூலியோவின் 'கேங்ஸ்டாஸ் பாரடைஸ்' பாட்டில் அடியோட்டமாக ஒரு தந்தி இசை வரும். அது யாருடையது என்று தேடிப் போனபோது, 1976இல் வந்த இந்த ஆல்பத்தில் ஸ்டீவி வொண்டர் பாடிய 'பாஸ்டைம் பாரடைஸ்' கிடைத்தது. பெரிய வயலின் குழு என்று நான் நினைத்திருந்தது யமஹா ஜிஎக்ஸ்-1 என்ற சின்தசைசராம், அதாவது மின்னணு இசைக்கருவியாம்! பாட்டின் முடிவில் ஹரே கிருஷ்ணா பக்தர்களும் தேவாலயப் பாடகர்களும் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறார்கள். அன்று இரவே முழு ஆல்பத்தையும் கேட்டு முடித்தேன்.

அதைச் செய்தபோது அவருக்கு வயது 26. இரண்டு இசைத்தட்டுகள் போதாமல், நான்கு பாட்டுகளுக்கு ஒரு சிறிய தட்டையும் சேர்த்துக் கொடுத்தார். மொத்தம் 21 பாட்டுகள், கூடவே 24 பக்கப் புத்தகம். வெளிவந்த வாரமே அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் முதலிடம், பிறகு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருது. இரட்டை ஆல்பம் என்றாலே "பாதியை வெட்டியிருக்கலாம்" என்பார்கள். இதைப் பற்றியும் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. வெட்டாமல் விட்டதுதான் இதன் உயிர்.

'இஸன்ட் ஷி லவ்லி'யை எடுத்துக்கொள்ளுங்கள். மகள் ஆயிஷா பிறந்த மகிழ்ச்சியில் எழுதியது. பச்சைக் குழந்தையின் அழுகுரலோடு தொடங்குகிறது. பாடல் வரிகள் முடிந்த பிறகும் அவருக்கு மனம் அடங்கவில்லை. ஹார்மோனிகாவை எடுத்து வாசித்துக்கொண்டே போகிறார். பின்னால் குழந்தையைக் குளிப்பாட்டும் சத்தமும் தண்ணீர் சிதறுவதும் கேட்கின்றன. ஆறரை நிமிடம். தனிப்பாட்டாக வெளியிடச் சுருக்கித் தரக் கேட்டபோது அவர் சம்மதிக்கவில்லை. அமெரிக்காவில் அது தனிப்பாட்டாக வரவே இல்லை. சுருக்கியிருந்தால் முதலில் போயிருப்பது அந்தத் தண்ணீர்ச் சத்தம்தான். பிள்ளை பெற்ற வீட்டின் வாசனை அதில்தான் இருக்கிறது.

முதல் இசைத்தட்டின் முதல் பக்கத்தில் பாட்டுகள் வரும் வரிசையும் அப்படித்தான். அன்புக்கே இன்று அன்பு தேவைப்படுகிறது என்ற எச்சரிக்கை முதலில், அடுத்து கடவுளோடு பேசச் சொல்லும் பாட்டு. மூன்றாவது 'வில்லேஜ் கெட்டோ லேண்ட்'. அரண்மனை விருந்துக்கு வாசிப்பது போன்ற பூப்போன்ற தந்தி இசை. அதன் மேல் அவர் பாடுவதோ நாய்களுக்கான உணவை வாங்கும் குடும்பங்களை, பிறக்கும் முன்பே சாகும் சிசுக்களை. குரலை ஓரிடத்திலும் உயர்த்துவதில்லை. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

அந்தக் கலக்கத்தோடு ஒரு வாத்திய இசையைக் கடந்தால், டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து முழங்க 'சர் டியூக்' வருகிறது. 1974இல் மறைந்த ஜாஸ் மேதை டியூக் எலிங்டனுக்கான நன்றிப் பாட்டு. நடுவில் ஊதுகருவிகளும் கிட்டாரும் பேஸும் ஒரே மெட்டை நூல் பிசகாமல் ஒன்றாக வாசித்துக்கொண்டு ஓடும் இடம் ஒன்று உண்டு. சேரியின் பசியைச் சொன்ன அதே மனிதர்தான் இப்படித் துள்ளுகிறார் என்பதால், அந்தத் துள்ளலை முழுதாக நம்ப முடிகிறது. சந்தோஷத்தை மட்டுமே பாடுபவர்கள் இப்படி என்னை நம்பவைத்ததில்லை.

வயதுக்கு ஏற்ப நமக்குப் பிடித்த பாட்டும் மாறுகிறது. இருபதுகளில் எனக்கு 'ஐ விஷ்' போதும், அதன் பேஸ் கிட்டாருக்காகவே. 'இஃப் இட்ஸ் மேஜிக்'கைத் தாண்டிப் போய்விடுவேன். டோரதி ஆஷ்பி வாசிக்கும் ஹார்ப் என்ற யாழ், ஸ்டீவியின் குரல், கடைசியில் கொஞ்சம் ஹார்மோனிகா, வேறெதுவும் கிடையாது. இப்போது அந்தப் பாட்டு வந்தால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொறுக்கியெடுத்த தொகுப்புகளில் கேட்காதீர்கள். முதல் பக்கத்தின் ஐந்து பாட்டுகளையாவது வரிசை மாற்றாமல், இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.